கொடுத்தால் குறைவது எது?

பாஞ்சாலங்குறிச்சிப் போருக்குப் பின்னால் இருந்தது ஒரு பாக்கிக் கணக்கு. கிஸ்தி நிலுவை என்று கிழக்கிந்தியக் கும்பினி கேட்டது. கேட்பதற்கு நீ யார் என்று பாளையக்காரர் கட்டபொம்மன் திருப்பிக் கேட்டார். 1798-ல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வரவழைத்தபோது முற்றிய அந்த வழக்கு, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்குக்கயிற்றில் முடிந்தது என்று கும்பினி நினைத்தது. முடியவில்லை. 1801-ல் அவர் தம்பி ஊமைத்துரை கோட்டையை மறுபடியும் எழுப்பினார். அதையும் இடித்துத் தள்ளினார்கள். ஆனால் அந்தக் கேள்வியை யாராலும் இடிக்க முடியவில்லை. 1959-ல் வந்த கட்டபொம்மன் திரைப்படம் அதை நம் வீட்டுப் பிள்ளைகளின் நாவில் ஏற்றி வைத்தது. இன்றும் பள்ளி ஆண்டு விழா என்றால், அட்டைக் கத்தியும் மையில் வரைந்த மீசையுமாக ஒரு சிறுவன் மேடையேறி அந்த வசனத்தை முழங்குகிறான். பாடுபடாதவனுக்குக் கேட்க உரிமை இல்லை என்பது அதன் சாரம்.

அந்த நீதிக்கு ஒரு மறுபாதி உண்டு. பாடுபட்டவருக்குக் கேட்க உரிமை உண்டு. முதல் பாதியைக் கைதட்டி வரவேற்கிற நாம், இரண்டாம் பாதியின் முன் ஏனோ தயங்கி நிற்கிறோம். அந்தத் தயக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் போர்க்களத்துக்குப் போக வேண்டியதில்லை. மாலை ஐந்தரை மணிக்கு ஏதேனும் ஒரு டியூஷன் வீட்டுத் திண்ணைக்குப் போனால் போதும்.

ஓட்டப்பிடாரம், கயத்தாறு, எட்டயபுரம், கோவில்பட்டி என்று இந்தக் கரிசல் வட்டாரத்தில் எங்கே போனாலும் அப்படி ஒரு திண்ணையோ மாடி அறையோ இருக்கிறது. நடத்துபவர் பெரும்பாலும் பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருப்பவர். அல்லது படித்த படிப்பை வீணாக்க மனமில்லாத ஒரு வீட்டு மருமகள். பள்ளி ஆசிரியர்கள் தனிவகுப்பு நடத்தக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 28-ஆம் பிரிவில் சொல்கிறது. அந்த விலக்கில் நியாயம் இருக்கிறது. அதன் விளைவு ஒன்றையும் நாம் கவனிக்க வேண்டும். சட்டப்படி பார்த்தால், மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கே உரிய தொழிலாக டியூஷன் ஆகிவிட்டது. அவர்களுக்கு இது உபரி வருமானமல்ல. பலருக்கு இதுவே வருமானம்.

அவர்களிடம் ஒரு நோட்டு இருக்கும். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர்கள். மேலே ஜூன் தொடங்கி வரிசையாக மாதங்கள். பணம் வந்த கட்டத்தில் தேதி இருக்கும். வராத கட்டம் வெறுமையாக இருக்கும். சில பெயர்களுக்கு நேரே ஆகஸ்டோடு தேதிகள் நின்றுபோய், ஓரத்தில் பென்சிலால் "தை" என்று மட்டும் எழுதியிருக்கும். பேனாவால் எழுதுவதில்லை, தை பங்குனியாகலாம், பங்குனி அடுத்த வருஷமாகலாம். "உளுந்து வீட்டுக்கு வரட்டும் டீச்சர், மொத்தமா குடுத்துருதேன்" என்று வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போன ஒரு தாயின் வாக்கு அந்தப் பென்சில் எழுத்தில் இருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. டீச்சரும் நம்பாமல் இல்லை. ஆனால் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய ஜெராக்ஸ் பாக்கியைப் பென்சிலால் எழுத முடியாது.

இது ஏதோ தனிப்பட்ட ஒருவரின் கஷ்டம் என்று நாம் கடந்துபோய்விட முடியாது. இரண்டு காலக்கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் உரசுகிற இடம் அது. பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. கரிசல் விவசாயியின் கை காய்ந்து கிடக்கிற காலம் அது. மானாவாரி நிலத்துக்கு மழை புரட்டாசி, ஐப்பசியில்தான், விதைப்பும் அப்போதுதான். உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் வீடு வந்து சேரத் தை, மாசி ஆகிவிடும். பருத்தியும் மிளகாயும் இன்னும் தள்ளிப் பங்குனியைத் தொடும். அதாவது, பிள்ளை பொதுத்தேர்வுக்குப் படித்து முடிக்கும்போதுதான் பெற்றவர் கையில் காசு புரளுகிறது. நிலம் வருஷத்துக்கு ஒரு முறை கொடுக்கிறது. கல்வி மாதத்துக்கு ஒரு முறை கேட்கிறது. நடுவில் நிற்பவர் டீச்சர். தேர்வு முடிந்து, பாஞ்சாலங்குறிச்சி சக்கதேவி கோயில் திருவிழாவும் கோடை விடுமுறையும் வந்துவிட்டால் திண்ணையும் காலி, கட்டங்களும் காலி. அந்த மாதங்களில் அவர் வீட்டு உலை மட்டும் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கணக்கு நேற்று முளைத்ததல்ல. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி விசாரணை நடத்த உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தொகை வந்தது. பள்ளிக்குச் சராசரி பதினைந்து பிள்ளைகள்; நம் திண்ணை டியூஷன் இன்றைக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். பிள்ளை ஒன்றுக்கு மாதம் நாலணா முதல் எட்டணா வரை கட்டணம் என்றும், வாத்தியார்கள் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை என்றும் 1826-ல் எழுதிய குறிப்பில் மன்றோ பதிவு செய்தார். கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாகவே இருக்கிறது. பதினைந்து பிள்ளைகளும் எட்டணா வீதம் ஒருவர் பாக்கியில்லாமல் கொடுத்தால்கூட ஏழரை ரூபாய்தான் தேறும்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. தகுதியுள்ளவர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க இந்த வருமானம் போதாது என்றார். கல்வி தாழ்ந்து கிடப்பதற்கு முதன்மையான காரணங்கள் அதற்குக் கிடைக்கும் ஊக்கக் குறைவும் மக்களின் வறுமையும்தான் என்றும் முடித்தார். கிஸ்தி வசூலித்துக் கோட்டையைத் தரைமட்டமாக்கிய கும்பினியின் அதிகாரி ஒருவர், அதே கால் நூற்றாண்டுக்குள் இந்த வறுமையைக் காரணமாக எழுதிவைத்தது சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. வறுமை எங்கிருந்து வந்தது என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டாரா என்பது வேறு விஷயம். குறைந்த கூலி நல்ல ஆசிரியரை விரட்டும் என்பதும், வறியவர் அதற்கு மேல் கொடுக்க முடியாது என்பதும் ஒருசேர உண்மை. இருநூறு ஆண்டுகளாக நாம் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில்தான் பாய் விரித்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கல்விக்கு விலை வைக்கலாமா என்று கேட்கும்போது, கூடாது என்று சொல்வதே உயர்ந்த மரபு என நாம் எண்ணிக்கொள்கிறோம். நம் முன்னோர் அவ்வளவு எளிதாக முடிவுக்கு வந்துவிடவில்லை. ஆசிரியருக்கு நேர்ந்த இடத்தில் உதவியும் வேண்டிய பொருள் கொடுத்தும் கற்க வேண்டும் என்று புறநானூற்றின் 183-ஆம் பாட்டில் சொல்பவன் ஒரு பாண்டிய மன்னன். யாருக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது. தன் மகன், ஆசிரியர் மகன், அரசன் மகன், வழிபடுகிறவன், சொன்னதைச் சட்டென்று பற்றிக்கொள்கிறவன் ஆகியோரோடு, தாராளமாகப் பொருள் கொடுப்பவனையும் அது ஒளிக்காமல் சேர்த்துக்கொள்கிறது. பணம் கொடுப்பவன் அங்கே தனி ஆள் அல்ல, ஆறு பேரில் ஒருவன்; அவன் மட்டும் போதும் என்று இலக்கணம் சொல்லவில்லை, அவன் கூடாது என்றும் சொல்லவில்லை. பொருளாலோ பணிவாலோ அறிவாலோ மாணவன் எதையேனும் கொண்டுவந்தாக வேண்டும் என்பதே அந்தப் பட்டியலின் உட்பொருளாக நமக்குத் தோன்றுகிறது.

கிரேக்கத்திலும் இதே வழக்கு நடந்தது. சாக்ரட்டீஸ் ஊதியம் வாங்காமல் உரையாடினார். புரோட்டகோரஸ் ஊதியம் வாங்கினார். ஆனால் அவர் வைத்திருந்த முறை ஒன்றைப் பிளேட்டோ குறித்து வைத்திருக்கிறார். கேட்ட தொகையைக் கொடுக்க மனமில்லாத மாணவன் கோயிலுக்குப் போய், தான் கற்றது எவ்வளவு பெறும் என்று சத்தியம் செய்து சொல்லி, அந்த அளவு கொடுத்தால் போதும். எண்ணிப் பார்த்தால் இதில் பெரிய துணிவு இருக்கிறது. பாடத்தின் விலையை விற்பவரும் வாங்குபவரும் பேரம் பேசித் தீர்மானிப்பதற்குப் பதிலாக, கற்றவனின் மனச்சாட்சியிடம் ஒப்படைத்துவிடுகிறார் அந்த ஆசிரியர். நம் வட்டாரத்து டீச்சரும் தினந்தோறும் செய்வது இதைத்தான். வித்தியாசம் என்னவென்றால், அவர் முடிவெடுத்துச் செய்வதில்லை, கேட்கக் கூச்சப்பட்டுச் செய்கிறார். மனச்சாட்சியை நம்புவது ஒரு கொள்கை. வாய்திறக்க முடியாமல் இருப்பது கொள்கை ஆகாது.

ஊதியமே வாங்காமல் கற்பித்த பெருமகன் ஒருவரை நம் மரபு அறியும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாணவர்களிடம் பணம் கேட்டதில்லை; அவர்களுக்குச் சோறும் போட்டுப் பாடமும் சொன்னார். உ.வே. சாமிநாதையர் என்ற பெருவிளக்கு அவரிடம்தான் ஏற்றப்பட்டது. அதே சாமிநாதையர்தான், பிள்ளையவர்களைக் கடன் எப்படி வாட்டியது என்பதையும் நமக்கு எழுதிவைத்துப் போயிருக்கிறார். 1876-ல் பிள்ளையவர்கள் மறைந்தபோது தமிழுக்குக் கிடைத்தது பெருஞ்செல்வம். அவர் குடும்பத்துக்குக் கிடைத்தது கடன். அந்தக் கொடையை வணங்காமல் இருக்க முடியாது. வணங்கும்போதே ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இலவசம் என்று நாம் சொல்வது செலவில்லாத ஒன்றை அல்ல, செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்ட ஒன்றை.

எட்டயபுரம் இதற்கு இன்னொரு சாட்சி. காமராசர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தை அங்கேதான் தொடங்கிவைத்தார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அந்தச் சோற்றின் செலவு யாருடையது என்ற கேள்விக்கு, அது ஊருடையது, அரசுடையது என்று ஒருவர் வாய்விட்டுப் பதில் சொன்னதுதான் புதிது. சொன்னதோடு நில்லாமல் அதற்கான பணத்துக்கும் வழி தேடினார். செலவை மறைக்காமல், யார் ஏற்பது என்று வெளிப்படையாகத் தீர்மானித்த கருணை அது; அதனால்தான் அது ஒருவர் ஆயுளோடு முடியாமல் தலைமுறை தாண்டி நிற்கிறது.

கருணைக்கும் கணக்குக்கும் பகை என்று நினைப்பது நம்மிடம் ஊறிப்போன பிழை. கணக்குப் பார்க்காத டீச்சரின் திண்ணையில் என்ன நடக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தால் இது விளங்கும். வாடகையும் மின்கட்டணமும் வினாத்தாள் செலவும் கட்டுப்படியாகாதபோது அவர் கட்டணத்தை உயர்த்துவதில்லை; அடுத்த தெருவில் இன்னொரு டியூஷன் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் இருபத்தைந்து பேரைச் சேர்க்கிறார். பின்வரிசையில் இருப்பவன் கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாமல் விழிப்பது அவர் கண்ணில் படாமல் போகிறது. அவனிடம் கூடுதலாக ஒரு ரூபாய்கூட யாரும் வாங்கவில்லை; ஆனால் அவனுக்குச் சேர வேண்டிய கவனம் பறிபோய்விட்டது. குறைந்த விலையின் மீதித் தொகையை, அது குறைவானது என்றே அறியாத அந்தப் பிள்ளை செலுத்துகிறான்.

மறுபக்கமும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பிள்ளையின் மாலைப்பொழுதுக்கு ஒரு காலத்தில் வேறு விலை இருந்தது. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கவும், வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டவும் சின்னஞ்சிறு விரல்களைத் தேடி வேலை வந்தது. அந்த விரல்கள் கொண்டுவந்த காசில் அடுப்பு எரிந்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், அதன் பின் வந்த முயற்சிகளும், இயந்திரங்களும், பள்ளிக்கூடமும் சேர்ந்து அந்த நிலையைப் பெரிதும் மாற்றின. அன்று விரலொடிய வேலை செய்த சிறுமிகளில் பலர் இன்று தாய்மார்கள். தன் மாலைப்பொழுதை விற்றுக் குடும்பத்துக்குக் கொடுத்தவள், தன் மகளின் மாலைப்பொழுதைக் காசு கொடுத்து வாங்கிக் கொடுக்கிறாள். ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்தத் தலைகீழ் மாற்றத்தைவிடப் பெரிய புரட்சி இந்தக் கரிசல் காட்டில் அண்மையில் நடந்திருக்குமா தெரியவில்லை. அவள் கொண்டுவந்து நீட்டுகிற கசங்கிய நோட்டுகளை எண்ணும்போது, அது ஒரு மாதக் கட்டணம் மட்டுமல்ல என்பதை வாங்குகிற கை உணர வேண்டும். அவளால் தாங்க முடியாத தொகையை நிர்ணயிப்பது அந்தப் புரட்சியின் வாசலை அடைப்பதற்குச் சமம்.

அப்படியானால் நியாயமான கட்டணம் எது? சந்தை சொல்வதா, மனம் சொல்வதா? இந்தக் கேள்வியின் அடியில் நாம் ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தவறிவிட்டதாகத் தோன்றுகிறது. கல்வி கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். அது முற்றிலும் உண்மை. பின்னக் கணக்கை நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் டீச்சருக்கு அது மறந்துவிடாது, தெளிவுதான் கூடும். ஆனால் அதைச் சொல்லிக் கொடுத்த மாலைப்பொழுது திரும்பி வராது. அறிவு குறைவதில்லை, ஆனால் அறிவைக் கொடுப்பவரின் நாள் குறைகிறது. அவர் தொண்டை வறள்கிறது. அவர் தன் சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய நேரம் கரைகிறது. அடுத்த தேர்வுக்குத் தான் படிக்க வேண்டிய இரவு போகிறது. குறையாத ஒன்றையும் குறைகிற ஒன்றையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டு, குறையாததன் பெருமையைச் சொல்லிக் குறைகிறதற்கான ஈட்டை மறுப்பது, நாம் அறியாமலே நடத்திவரும் ஒரு பெரிய அநீதி.

இந்தப் பாகுபாடு தெளிந்துவிட்டால் பல முடிச்சுகள் தாமாகவே அவிழ்கின்றன. அறிவுக்கு விலை இல்லை என்று சொன்ன சாக்ரட்டீசும் சரி. பொருள் கொடுத்துக் கல் என்று சொன்ன பாண்டியனும் சரி. ஏனெனில் முன்னவர் பேசியது குறையாத ஒன்றைப் பற்றி, பின்னவன் நினைத்தது அதைச் சுமந்து வருகிற, பசிக்கிற, மூப்படைகிற மனிதரைப் பற்றி. கட்டணம் என்பது அறிவின் விலையாக இருக்க முடியாது, அப்படி இருந்தால் எந்தத் தொகையும் அதற்கு அவமானமே. அது, இன்று கற்பித்தவர் நாளையும் தெளிந்த முகத்தோடு வந்து உட்கார்வதற்கு ஊர் செலுத்தும் காப்புத்தொகை. அந்த அளவுக்குக் குறைந்தால் ஆசிரியரை இழப்போம், அந்த அளவை மீறி எங்கோ போனால் மாணவனை இழப்போம், இரண்டில் எதை இழந்தாலும் இழந்தது கல்வியைத்தான்.

ஆகவே, திண்ணையில் பாடம் சொல்லும் டீச்சர்களே, விடுமுறை மாதங்களையும் சேர்த்து ஒரு வருஷத்துக்கு உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். உங்கள் உழைப்பையும் ஒரு செலவாகச் சேருங்கள். எத்தனை பிள்ளைகளுக்குச் சலுகை கொடுக்க முடியும் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்து, மனமறிந்து கொடுங்கள். கூச்சத்தால் விட்டுப்போன பாக்கிக்குத் தருமம் என்று பெயர் சூட்ட வேண்டாம். அறுவடையை நம்பி வாழும் வீடுகளுக்கு அறுவடையில் வாங்கும் ஏற்பாட்டை ஜூனிலேயே பேசிவிடுங்கள். பென்சிலை எடுத்து வைத்துவிட்டுப் பேனாவால் எழுதுங்கள். பெற்றவர்களே, வெள்ளாமை வீடு வந்ததும் உரக்கடை பாக்கியையும் வட்டியையும் தீர்க்கிற அந்த முதல் நாளிலேயே டீச்சரின் பாக்கியையும் தீருங்கள். அவர் வட்டி கேட்பதில்லை என்பதற்காக அவரைக் கடைசியில் நிறுத்தாதீர்கள். இரு தரப்பாரும் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பாக்கியைப் பற்றிய பேச்சு பெரியவர்களுக்குள் நடக்கட்டும், "அம்மாகிட்ட பீஸ் கேட்டியா?" என்ற கேள்வியோடு மற்றப் பிள்ளைகளின் நடுவே எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தக் கூடாது. பாடுபட்டவர் தலைநிமிர்ந்து கேட்பதும், பெற்றவர் முகம் சுளிக்காமல் கொடுப்பதும், இவற்றில் எதுவும் படிக்கிற பிள்ளையின் காதில் விழாமல் இருப்பதும்தான் கல்விக்கு நாம் வைக்கக்கூடிய நியாயமான விலை.